கேட்டு வந்து சொன்னவள்

டேட்டாபேஸ் மாநாட்டுக்கு வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. இலவசப் பைக்கும் சட்டைக்கும் வருகிறவர்கள் ஒரு ரகம். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, பத்தரை மணிக்கு ஒன்றாம் அறையா நான்காம் அறையா என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். தந்தியும் பூட்டும் இருபத்திரண்டு வருடமாக இரண்டாவது ரகம். முதல் ரகத்தை நான் மட்டமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர்கள்தான் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள்.

தந்தி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஒரு மணி நேரப் பேச்சை ஐந்தே நிமிடத்தில், ஒரு சொல் கூடக் குறைய இல்லாமல் சொல்லிவிடுவாள் என்று அலுவலகத்தில் வைத்த பெயர். பூட்டும் அப்படித்தான். எந்தப் புரோகிராம் எந்தத் தகவலைப் பூட்டி வைத்துக்கொண்டு அடுத்ததைக் காக்க வைக்கிறது என்று கண்டுபிடிப்பதே அவனுக்கு வேலையாக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இரண்டையும் வைத்தவர் சித்தப்பா. அவர் யாருக்குச் சித்தப்பா என்று ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே சித்தப்பாவாகத்தான் வந்து சேர்ந்தார், எல்லாருக்கும் மூத்தவராக இருந்தார், இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார்.

அவர் போன பிறகு இருவரும் மாநாட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. போன வருடம் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. இந்த வருடமும் தந்தி வந்திருக்க மாட்டாள். பூட்டு இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறான், போவதற்கு முன் ஒரு தடவையாவது மேடையில் பேச வேண்டும் என்று எழுதிப் போட்டு, அது ஏற்கப்பட்டுவிட்டது. அதனால் வந்தாள்.

காலை ஒன்பது மணிக்கு நாற்காலி இல்லாத உயரமான வட்ட மேசை ஒன்றின் முன் இருவரும் நின்றார்கள். அட்டவணை இப்போதெல்லாம் செல்போனில்தான் வருகிறது. 'உங்களுக்குப் பிடிக்கக்கூடியவை' என்று அதுவே நான்கைத் தேர்ந்து வேறு தருகிறது. தந்திக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். எனக்கு என்ன பிடிக்கும் என்று என் வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியவில்லை, இதற்குத் தெரிந்துவிட்டதாக்கும் என்றாள். பூட்டு சிரித்துக்கொண்டே பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேசையில் விரித்தான். முழு அட்டவணையையும் அச்சடித்து, இரண்டு தாளை ஒட்டி எடுத்து வந்திருந்தான். கூடவே ஒரு பென்சில். அவள் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

முன்பெல்லாம் மாநாட்டில் கெட்டி அட்டை போட்ட புத்தகமாகவே அட்டவணையைத் தருவார்கள். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்று தலைகளும் குனிந்தால், பக்கத்து மேசைக்காரர்கள் ஏதோ சொத்துப் பிரிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். சண்டை அப்படி இருக்கும். ஒரே நேரத்தில் நான்கு அறைகளில் பேச்சு நடக்கும். யார் எதற்குப் போவது? அதற்குச் சித்தப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். இரண்டு பேர் ஒரே அறையில் உட்காரக் கூடாது. மூன்று பேருக்கு ஆறு காது, ஆறையும் ஒரே அறையில் வைத்தால் மற்ற அறையில் பேசுகிறவன் பாவம் இல்லையா என்பார்.

எந்த அறைக்குப் போவது என்பதிலும் அவருக்குத் தனிக் கணக்கு. தலைப்பில் 'புரட்சி' என்று இருந்தால் போகாதே, விற்பனைக்காரன். பேசுகிறவர் தன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தால் போகாதே. 'நாங்கள் செய்த தவறுகள்' என்று தலைப்பு இருந்தால் உட்கார இடம் இல்லாவிட்டாலும் நின்று கேள். சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வுக்குப் பசி தாங்குகிறவளான தந்தி போக வேண்டும், பிந்தையதற்குத் தூக்கம் வராதவரான சித்தப்பா போவார். பூட்டு எதற்கும் உதவாதவன், எந்த அமர்விலும் பத்தாவது நிமிடத்தில் கண் சொருகிவிடும். ஆனாலும் பாதித் தூக்கத்தில் அவன் கேட்டு வருவது முழு விழிப்பில் மற்றவர்கள் கேட்பதைவிடச் சரியாக இருக்கும். அது எப்படி என்று கடைசி வரைக்கும் யாருக்கும் புரியவில்லை.

அமர்வு முடிந்ததும் டீ வைத்திருக்கும் மூலையில் கூடுவார்கள். அங்கேதான் உண்மையான மாநாடு. கேட்டவர் சொல்ல வேண்டும், கேட்காத இருவரும் மறுநாள் அலுவலகத்தில் அதைச் செய்து பார்க்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும். ஆளுக்கு மூன்று கேள்வி கேட்கலாம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். சித்தப்பாவுக்கு அதில் மட்டும் விட்டுக்கொடுப்பே கிடையாது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, தப்பே இல்லை. அளந்து மட்டும் விடாதே. நீ சொல்றதை நம்பி நாங்க வேலை செய்றோம்" என்பார்.

அப்படி ஒருவர் காதை ஒருவர் நம்பியே அந்த மூன்று பேரும் தொழில் கற்றார்கள். தந்தி தன் கண்ணால் பார்க்காத எத்தனையோ பேச்சுகளை, பூட்டின் குரலிலும் சித்தப்பாவின் குரலிலும் இன்றைக்கும் நினைவு வைத்திருந்தாள்.

இப்போது பூட்டு பென்சிலைக் காது மேல் செருகிக்கொண்டு தாளைத் தடவினான். பத்தரைக்கு 'இனி டேட்டாபேஸ் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்' என்று ஒன்று இருந்தது. அப்படியானால் நாம் எதற்கு வந்தோம், வீட்டுக்குப் போய்த் துணி மடிக்கலாமே என்றாள் தந்தி. 'ஒரு காற்புள்ளியால் நின்றுபோன எங்கள் நிறுவனம்' என்று நான்காம் அறையில் ஒன்று. இரண்டு பேருமே அதற்கு அடித்துக்கொண்டார்கள், தந்தி ஜெயித்தாள். பதினொன்றரைக்கு அவன் ஒன்றாம் அறை, அவள் மூன்றாம் அறை. இப்படியே இறங்கி வந்து பென்சில் இரண்டரை மணியில் நின்றது. இரண்டாம் அறை என்ற கட்டத்தில் பூட்டின் பெயரும் அவன் தலைப்பும் அச்சாகியிருந்தன. 'விட்டுக்கொடுத்தவருக்கு அடுத்த முறை முதல் வழி: பதினேழு வருட அனுபவம்.'

அந்த நேரத்துக்கு அவள் மூன்றாம் அறைக்குப் போக வேண்டும் என்றான். சட்டம் சட்டம்தான், தான் பேசுவதை அவள் எதற்குக் கேட்க வேண்டும், அங்கே நடப்பதைக் கேட்டு வந்து சொன்னால் போதும் என்றான். பெருமையில் அவன் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உனக்கு ஒண்ணு சொல்லலை. தாடி வந்திருக்காரு. அவரை முன் வரிசையில வந்து உக்காரச் சொல்லியிருக்கேன். இந்த யோசனை அவருதுதானே. எல்லார் முன்னாடியும் எழுந்து நிக்க வச்சு நன்றி சொல்லப்போறேன்" என்றான்.

தந்தி தாளை அவசரமாக மடித்துப் பூட்டிடம் நீட்டினாள். ரொம்ப நல்லது என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் இதுதான். பதினேழு வருடத்துக்கு முன்னால் இதே மாநாட்டில் பேசிய தாடிக்காரர் சொன்னதாக அந்த யோசனையைக் கொண்டு வந்து கொடுத்தவள் தந்தி. அவர் அதைச் சொன்னாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. ஏனென்றால் அவள் அந்த அமர்வுக்குப் போகவே இல்லை.

அந்த வருடம் அவள் மகளுக்கு ஆறு வயது. மாநாட்டுக்கு யாரை அனுப்புவது என்று பேச்சு வந்தபோது, சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று மேலாளர் குழைந்து குழைந்து அவளைக் கழற்றிவிடப் பார்த்தார். சித்தப்பாதான் விடவில்லை. அவள் வரவில்லை என்றால் நானும் வரவில்லை, கேட்டு வந்து சொல்ல இந்த அலுவலகத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது என்று மேலாளர் மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தார். அப்படிக் கிடைத்த இடம் அது.

இரண்டாம் நாள் பதினொன்றரை மணி. இரண்டு வேலைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டால் வெளியே வருவது எப்படி என்று தாடிக்காரரின் தலைப்பு. பூட்டு அந்தப் பிரச்சினையோடுதான் ஒரு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான், ஒரு சொல் விடாமல் கேட்டு வர வேண்டும் என்று தந்தியைத்தான் அங்கே அனுப்பினான். தந்தி நோட்டும் பேனாவுமாக அறை வாசலுக்குப் போய்விட்டாள். செல்போன் அடித்தது. கணவர். மகள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள், திறக்க வரவில்லை, அழுகிறாள் என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு ஐம்பது நிமிடம் பேசினாள். மரக்கதவு தண்ணீரில் ஊறிப் பருத்திருந்தது. உள்ளேயிருந்து மகள் தாழ்ப்பாளை இழுக்கிறாள். வெளியேயிருந்து அவர் கதவைத் தள்ளுகிறார். அவர் தள்ளத் தள்ளத் தாழ்ப்பாள் இறுகுகிறது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம் வீட்டில் கோடாலி இருக்கிறதா என்று அவளிடமே கேட்டார். அவள் போனைக் கதவுப் பக்கம் பிடிக்கச் சொல்லி, கண்ணு நீ கையை எடுத்துக்கோ, அப்பா தள்ளட்டும் என்றாள். நகரவில்லை. மறுபடியும் இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தார்கள், தள்ளினார்கள். மறுபடியும் நீ விடு கண்ணு என்றாள். மூன்று தடவை ஆனதும் உள்ளேயிருந்து அழுகை நின்று கோபம் வந்தது. "எப்பவும் நானேதான் விடணுமா? நான் விட்டாச்சு. இந்த வாட்டி அப்பா விடட்டும்" என்றது குழந்தை.

நியாயமான பேச்சு. தந்தி கணவரைக் கதவை விட்டு இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னாள். கதவு தளர்ந்தது. தாழ்ப்பாள் தானாகவே வருவது போல வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மா நானே திறந்துட்டேன் என்று விக்கலோடு மகள் சொன்னதைக் கேட்டு அவள் அந்தப் படியிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். எழுந்து பார்த்தால் அறைக் கதவு திறந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

டீ மூலையில் சித்தப்பா இரண்டு கையிலும் இரண்டு காகிதக் கோப்பையோடு நின்றார். ஒன்று அவளுக்கு. தாடி என்ன சொன்னார், சீக்கிரம் சொல், பூட்டு காலையிலிருந்து இதற்குத்தான் தவம் கிடக்கிறான் என்றார். போகவில்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். மேசையைத் தட்டி அவளைக் கூட்டி வந்த மனிதர். போகவில்லை, குழந்தையோடு போனில் இருந்தேன் என்றால் மேலாளர் சொன்னது சரி என்று ஆகிவிடாதா? வாய் தன்பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தது.

மூவரும் வேலை பார்த்த நிறுவனம் ஆஸ்பத்திரிகளில் படுக்கை ஒதுக்கும் மென்பொருள் செய்துவந்தது. புதிதாக வருகிற நோயாளிக்குப் படுக்கை தேடுவது ஒரு வேலை. உள்ளே இருப்பவரை ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது இன்னொரு வேலை. இரண்டும் ஆளுக்கு ஒரு படுக்கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் பிடித்திருப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றுவிடும். டேட்டாபேஸ் இரண்டில் ஒரு வேலையைத் தூக்கி வெளியே போடும். ஒவ்வொரு முறையும் புதியவருக்குத் தேடுகிற வேலையைத்தான் போடும். வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் கிடக்க வேண்டியதுதான். "போன தடவை யாரு விட்டுக்கொடுத்தாங்கன்னு ஒரு சின்ன அட்டவணையில குறிச்சு வைக்கணுமாம். அடுத்த தடவை மோதினா அவங்களுக்குத்தான் முதல் வழி. மத்தவங்க கையை எடுத்துக்கிட்டுத் தள்ளி நிக்கணும்" என்றாள் தந்தி. பூட்டு கண் கொட்டாமல் எழுதிக்கொண்டான். இருவரும் மூன்று மூன்று கேள்வி கேட்டார்கள். ஆறுக்கும் பதில் சொன்னாள். ஒரு தடவை கூடத் தெரியாது என்று அவள் சொல்லாததே சந்தேகப்படப் போதும். யாரும் படவில்லை.

அடுத்த வாரமே பூட்டு அதைச் செய்துவிட்டான். அது வேலையும் செய்துவிட்டது. எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் பதினேழு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறது. பூட்டைப் பிரிவுத் தலைவனாக்கினார்கள். தந்தியும் அந்த இடத்துக்குப் போட்டியில் இருந்தவள்தான். கேட்டு வந்து சொன்னது தந்தி, செய்து காட்டியது பூட்டு என்றார் மேலாளர். அவள் வாயையே திறக்கவில்லை. பொய்யை வைத்துக்கொண்டு எதைப் போய்க் கேட்பது? சித்தப்பாவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வருடா வருடம் நினைப்பாள். அவரும் போய்விட்டார்.

இன்றைக்குப் பத்தரை மணி அமர்வில் காற்புள்ளியால் அந்த நிறுவனம் எப்படி நின்றதோ, அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. முடிந்ததும் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் தாடிக்காரரைப் பார்த்தாள். தாடியை எப்போதோ மழித்துவிட்டார், அடையாள அட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். ஒருவேளை அவர் நிஜமாகவே அப்படி ஏதாவது சொல்லியிருந்தால்? உலகத்தில் அதிர்ஷ்டம் என்று ஒன்று இல்லாமலா போய்விட்டது? மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். அந்த வருடத்துப் பேச்சு நினைவிருக்கிறதா என்றாள். மறப்பேனா என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றைக்குக் கணினி திறக்கவே இல்லையாம். தயாரித்து வந்த பேச்சு முழுக்க அதில் மாட்டிக்கொண்டதாம். தகவல் பூட்டிக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பழைய தகவல்களைக் காந்த நாடாவில் எடுத்து வைப்பது பற்றி ஒரு மணி நேரம் ஒப்பேற்றினாராம். இன்றைக்கு யாரோ ஒருவர் அந்தப் பேச்சுக்காக நன்றி சொல்கிறேன் என்கிறார், என்னவென்றே விளங்கவில்லை, ஆனாலும் ஆசையாகக் கூப்பிடும்போது போகாமல் இருக்க முடியுமா என்றார்.

போச்சு. இனித் தப்பிக்க வழியே இல்லை. இரண்டரை மணிக்கு இருநூறு பேர் முன்னால் பூட்டு அவரை எழுந்து நிற்கச் சொல்வான், நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று அவர் சொல்வார். ஆயுளுக்கும் ஒரே ஒரு தடவை மேடை ஏறுகிறவன். முன்கூட்டிச் சொல்லலாம் என்றால் அதிலும் ஒரு சங்கடம். அது தாடியின் யோசனை இல்லை என்றால் பிறகு யாருடையது என்று ஆகும்? அவன் நாளில் அவன் பேரைத் தட்டிப் பறிக்க வந்தவள் போல் இருக்காதா? பதினொன்றரை அமர்வு முழுவதும் இதையே நினைத்து நினைத்து அவளுக்குத் தலை வலித்தது.

சாப்பாட்டு நேரத்தில் பூட்டு ஜன்னல் ஓரமாகத் தட்டோடு நின்று, உதட்டுக்குள் தன் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். தந்தி போய் எதிரே நின்றாள். சுற்றி வளைக்க அவளுக்கு எப்போதும் வராது.

"தாடிகிட்ட நன்றி சொல்லாதே பூட்டு. அதை அவர் சொல்லலை. அந்த செஷனுக்கு நான் போகவே இல்லை."

படிக்கட்டு, போன், குளியலறை, குழந்தை சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. யோசனை தன்னுடையது என்று கொண்டாட வரவில்லை, அவன் அவர் முன்னால் தலைகுனியக் கூடாது, அவ்வளவுதான் என்றாள். பூட்டு சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப மத்ததெல்லாம்? இருபத்திரண்டு வருஷமா நீ வந்து சொன்னதெல்லாம்?"

"அதெல்லாம் நிஜம். அந்த ஒண்ணுதான்."

"அதை நான் எப்படி நம்புறது?" என்றான்.

தட்டைத் தொடாமலேயே மேசையில் வைத்துவிட்டுப் போனான். பெரிய கோபத்துக்குக்கூட அவள் தயாராக இருந்தாள், இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. அவன் கேட்டது நியாயம்தான். அவளிடம் அதற்குச் சாட்சி இல்லை. அவளுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆளும் உயிரோடு இல்லை.

இரண்டரை மணிக்கு மூன்றாம் அறை வாசல் வரைக்கும் போனாள். உள்ளே பேச்சு தொடங்கியிருந்தது. பக்கத்துக் கதவுக்குப் பின்னால் பூட்டு தொண்டையைச் செருமுவது ஒலிபெருக்கியில் கேட்டது. சட்டமாவது மண்ணாவது என்று இரண்டாம் அறைக்குள் நுழைந்து, கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக, பூட்டு வேறு யாரிடமோ கேட்டு வந்து சொல்லாமல் தானே பேசுகிற ஒரு பேச்சைக் கேட்டாள்.

நன்றாகப் பேசினான். வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரைப் பற்றிச் சொன்னபோது அறை அமைதியாகக் கேட்டது. ஒரு முறை விட்டுக்கொடுத்தவரைக் குறித்துவைக்கிற அந்தச் சின்ன அட்டவணையைத் திரையில் காட்டியபோது பலர் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் நன்றி என்ற பக்கம் வந்தது. அவன் அதை மாற்றவில்லை. தாடிக்காரரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, கீழே அந்தப் பழைய வருடம். முன் வரிசையில் தாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

பூட்டு திரையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, இந்தப் பக்கம் தவறு என்றான். இரண்டு மணி நேரம் முன்புவரை தனக்கே தெரியாது என்றான். மாற்றலாம் என்று கணினியைத் திறந்தானாம், வெறும் பெயரைப் போட்டால் போதுமா என்று தெரியவில்லையாம். "இதைச் சொன்னவங்க பேரு எனக்குத் தெரியும். ஆனா எங்கே கேட்டாங்க, எப்படி வந்துச்சுங்கறது அவங்க சொல்ல வேண்டிய கதை. நான் சொன்னா நல்லா இருக்காது. அவங்க இப்ப பக்கத்து ரூம்ல இருக்காங்க. முடிஞ்சதும் போய்க் கேளுங்க" என்றான்.

தந்தி எழுந்து நின்றாள். தூணை விட்டு வெளியே வந்தாள்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

இருநூறு தலைகள் திரும்பின. பூட்டின் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை, திரையைப் பார்த்தே பேசினாள். நான் அன்றைக்கு அந்த அமர்வுக்குப் போகவில்லை என்று ஆரம்பித்தாள். குளியலறைக் கதவில் அறை சிரித்தது. கோடாலியில் இன்னும் சிரித்தது. மகள் சொன்னதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பொய் சொன்னதையும், அதை நம்பி இரண்டு பேர் வேலை செய்ததையும், அதில் ஒருவரிடம் உண்மையைச் சொல்ல முடியாமலே போனதையும் ஒளிக்காமல் சொன்னாள். தாடிக்காரர் எழுந்து, நீங்கள் வராமல் போனதே நல்லது, வந்திருந்தால் நாடாவைப் பற்றித்தான் கேட்டிருப்பீர்கள் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பூட்டு தட்டவில்லை. அவன் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

கூட்டம் கலைந்த பிறகு நடைபாதையில் அவன் அவளிடம் வந்தான். பக்கத்தில் நின்றான், முகத்தைப் பார்க்கவில்லை.

"சித்தப்பா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல. அந்தக் கோடாலியைக் கேட்டு எவ்வளவு சிரிச்சிருப்பாரு" என்றான்.

அதுவரை தாங்கிக்கொண்டிருந்த தந்திக்கு அதற்கு மேல் முடியவில்லை. நடைபாதையில் போகிறவர் வருகிறவர் பார்க்க, சுவரோடு நின்று அழுதாள். அவர் சிரித்துத்தான் இருப்பார். மேலாளராவது மண்ணாவது என்று சொல்லி, முதலில் குழந்தைக்கு ஒரு தடவை போன் போட்டுக் கொடு நான் பேசுகிறேன் என்றிருப்பார். இது பதினேழு வருடம் அவளுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் தாங்கவில்லை. பூட்டு போய் டீ வாங்கி வந்து, ஆறுகிற வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

நாலேகாலுக்குக் கடைசி அமர்வு. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீ எங்கே போகிறாய், நான் எங்கே போகட்டும் என்று கேட்டாள். பூட்டு தாளை விரித்து, கடைசி வரியில் ஒரே ஒரு கட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டான்.

"உன்னை இனிமே தனியா அனுப்ப முடியாது. நானும் வர்றேன்" என்றான்.

ஒன்றாம் அறையில் நடுவரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பேச வந்த பெண் தவறாக அழித்துவிட்ட தகவல்களை எப்படி மீட்டோம் என்று தொடங்கினாள். பூட்டு கையைக் கட்டிக்கொண்டு, காவல்காரன் மாதிரி விறைப்பாக நிமிர்ந்திருந்தான். பத்தாவது நிமிடம் அவன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தந்தி அவனை எழுப்பவில்லை. நோட்டை மடியில் விரித்து, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள். விழித்ததும் அவன் கேட்பான்.